வண்டி ரத்து, கச்சேரி போச்சு: டிக்கெட் இன்சூரன்ஸ்ல காசு வருமா?

ராயபுரம் பொண்ணு:
யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க. பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல நிக்கிறோம். லண்டன் வண்டி ரத்து, அடுத்ததும் ரத்து. வெம்ப்ளில ஏழரைக்குக் கச்சேரி. அம்மா காசிமேட்லேர்ந்து வந்திருக்காங்க, அவங்களுக்காகத்தான் எடுத்தது. டிக்கெட்டோட இன்சூரன்ஸும் போட்டிருக்கு. காசு வருமா? இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, கைகால் ஓடல.

தண்டையார்பேட்டை அண்ணன்:
இன்சூரன்ஸை நம்பாதம்மா. கிரெடிட் கார்டுல எடுத்திருந்தா, டிக்கெட் 100 பவுண்டுக்கு மேலன்னா, செக்‌ஷன் 75ன்னு ஒரு சட்டப் பிரிவு இருக்கு, அதுல கார்டு குடுத்த பேங்க்கிட்டயே காசு கேக்கலாம். பேங்க்ல சொல்லு, வந்துடும்.

வியாசர்பாடி:
அண்ணே, வித்தவங்க சொன்னபடி செய்யலைன்னாதான் அது. கச்சேரி நடக்குது, இவங்களால போக முடியல. இதுக்கு செக்‌ஷன் 75ல பைசா வராது. தங்கச்சி, மூர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம். லண்டன் மேரிலபோன் ஸ்டேஷனுக்குப் போற வண்டில சிலது வெம்ப்ளி ஸ்டேடியத்துலயே நிக்கும். போய்ப் பாரு.

ராயபுரம் பொண்ணு:
கேட்டோம் அண்ணா. அடுத்த வண்டி போய்ச் சேர ஒம்பது தாண்டிடும். அம்மாவுக்கு முட்டி வலி வேற.

கொருக்குப்பேட்டை:
நான் வந்தது ஜனவரில. கரண்ட் மீட்டர்ல முன்னாடியே காசு ஏத்தணும்னு ஒருத்தரும் சொல்லல. ராத்திரி ஹீட்டர் நின்னு, ஜாக்கெட்டோட படுத்தேன். எதையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும், தங்கச்சி.

தண்டையார்பேட்டை அண்ணன்:
எனக்கு வீட்டு டெபாசிட்ல போச்சு. 30 நாளுக்குள்ள வீட்டுக்காரர் அதை டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்துல கட்டணும்னு சட்டமே இருக்காம், காலி பண்றப்பதான் தெரிஞ்சுது. புதுசா வர்றவங்ககிட்ட யாரும் எதையும் சொல்றதில்ல.

கொருக்குப்பேட்டை:
வண்டியும் அப்படித்தான். நம்ம ஊர் ரயில்வே கேட்ல நின்னாலும் கூட்ஸ் போனா தொறப்பாங்கன்னு தெரியும். இங்க எதுவரைக்கும் நிக்கணும்னே சொல்ல மாட்டாங்க.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
அந்தப் பொண்ணு ஸ்டேஷன்ல அம்மாவோட நிக்குது, இதெல்லாம் அப்புறம் பேசலாம். நான் ஊருக்குத் திரும்பிட்டேன்பா, அங்க இருந்தப்ப இந்த மாதிரி க்ளைம் வாங்கியிருக்கேன். கண்ணு, மூணு விஷயம் சொல்லு. டிக்கெட் யார் பேர்ல? வண்டி ஏன் ரத்து? ஸ்ட்ரைக்கா?

ராயபுரம் பொண்ணு:
ஸ்ட்ரைக் இல்லக்கா, சிக்னல் பழுதாம். டிக்கெட் நாலு. சித்தி பையன் அவன் கார்டுல எடுத்தான், இன்சூரன்ஸும் அவன் பேர்ல. நான் அவனுக்குப் பணம் அனுப்பிட்டேன். ஹோட்டலும் போட்டிருக்கோம்.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும்டா. பாலிசி அவன் பேர்ல இருந்தா க்ளைமும் அவன்தான் போடணும், பணமும் அவனுக்குத்தான் போகும். இப்பவே அவனுக்குப் போன் பண்ணு. பாலிசி மெயில்ல எந்தெந்தக் காரணத்துக்குப் பணம் உண்டுன்னு இருக்கும். பொதுப் போக்குவரத்துப் பழுது அதுல இருக்கான்னு பாக்கச் சொல்லு. பெரும்பாலும் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே அறிவிச்சிருந்த ஸ்ட்ரைக்குன்னா தட்டிடுவாங்க, உங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

ஸ்டேஷனை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி போர்டை நேரம் தெரியுற மாதிரி போட்டோ எடு. ரயில் கம்பெனி அனுப்பின மெயிலை அழிச்சுடாத. கச்சேரி டிக்கெட்டை யாருக்கும் வித்துடாத, மாத்தியும் குடுத்துடாத. நீங்க போகலைன்னு அதை வெச்சுத்தான் காட்டணும். ஹோட்டல் காசு இந்த இன்சூரன்ஸ்ல வர்றது கஷ்டம், ஹோட்டல்லயே கேட்டுப் பாருங்க.

ரயில் டிக்கெட் தனிக் கணக்கு. வண்டி ரத்தாகி நீங்க பயணமே பண்ணலைன்னா, வாங்கின இடத்துலயே முழுக் காசும் கேளு, பிடித்தம் கிடையாது. லேட்டாப் போய்ச் சேர்ந்தாதான் டிலே ரீபேன்னு ரயில் கம்பெனி தர்ற நஷ்டஈடு, அதைக் கேக்க 28 நாள் டைம். ரெண்டையும் போடக் கூடாது.

வியாசர்பாடி:
இன்சூரன்ஸ்காரங்க இல்லன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. முதல்ல கம்பெனிக்கே புகார் எழுதுங்க. 8 வாரத்துக்குள்ள முடிவு சொல்லலைன்னாலோ, சொன்ன முடிவு சரியில்லைன்னாலோ ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், பேங்க், இன்சூரன்ஸ் தகராறைத் தீர்த்து வைக்கிற அமைப்பு அது. செலவு இல்ல. கடைசி பதில் வந்ததுலேர்ந்து 6 மாசம் டைம்.

ராயபுரம் பொண்ணு:
அவன் ஃபார்மைத் திறந்துட்டான். காரணம்னு ஒரு கட்டம் இருக்காம். என்ன எழுதச் சொல்ல?

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:
வெறும் 'போக முடியல'ன்னு எழுதினா நிக்காது. எந்த வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்பணும், சரியா வந்திருந்தா கச்சேரிக்கு எவ்வளவு நேரம் முன்னாடி சேர்ந்திருப்பீங்க, ரயில்காரங்க சொன்ன காரணம், அடுத்த வண்டியும் ரத்தானது, மூர் ஸ்ட்ரீட்ல கேட்டது, எல்லாத்தையும் நேரத்தோட வரிசையா எழுதச் சொல்லு. போட்டோவைச் சேர்த்து அனுப்பு. அம்மாவுக்கு முதல்ல ஏதாவது வாங்கிக் குடு.