லெலோங்கில் (கடன் கட்டாத வீட்டை விற்கும் ஏலத்தில்) வீடு எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் எப்படி?

ஜெலுத்தோங்வாசி:

16டி (பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ்), 16எச் (கோர்ட்டின் விற்பனை ஆணை) எல்லாம் விரிவாக விளக்கப் போவதில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு, உயர் நீதிமன்ற ஏலம். ஆரம்ப விலை 180,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ஆள் இல்லை. அடுத்தது 162,000, அதுவும் போகவில்லை. மூன்றாவது தடவை 145,800-க்கு நான் ஒருவன்தான் கேட்டேன், எனக்கே விழுந்துவிட்டது.

கேட்பதற்கு முன் வக்கீலிடம் சொல்லிக் கோர்ட் கோப்பைப் பார்த்திருந்தேன். எல்லாம் மலாயில். விசாரணை நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி: ‘டெஃபெண்டன் திடாக் ஹாடிர்’. பிரதிவாதி வரவில்லை. சரி, ஆள் ஓடிவிட்டான், வீடு காலிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பணம் முழுவதும் கட்டி முடித்து ஒரு சனிக்கிழமை காலை போய்க் கதவைத் தட்டினால், பனியனோடு ஒரு பெரியவர் திறக்கிறார். அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார். சண்டை போடவில்லை. “உள்ள வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?” என்றார். ஆறு வாரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதுவல்ல விஷயம். அவர் போன பிறகு சமையலறை அலமாரி மேலே ஒரு பிஸ்கட் டின் கிடந்தது. உள்ளே 11 கடித உறைகள். வங்கி, வக்கீல், கோர்ட். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். 16டி-யை நான்தான் பிரித்தேன். பாக்கி 6,840 வெள்ளி, ஒரு மாத அவகாசம். அந்த வீட்டுக்கு நான் போட்ட கிச்சன் கேபினட்டே அதைவிட அதிகம்.

செத்தாப்பாக் தம்பி:

அண்ணே, உங்களுக்காவது படிக்க ஒரு கோப்பு இருந்தது. கோலாலம்பூரில் நான் எடுத்த காண்டோவுக்குத் தனிக் கிரான் (உரிமைப் பத்திரம்) இன்னும் வரவில்லை, அதனால் லாக்கா, அதாவது வீட்டு உரிமையை வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் கடன் ஒப்பந்தம். கோர்ட்டே கிடையாது. கடன் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த உரிமையை வைத்து வங்கியே ஏலம் விட்டுவிடும். ‘கோர்ட்டில் தேடிப் பார்’ என்று எல்லாரும் சொன்னார்கள். எதைத் தேடுவது?

எனக்கு மறக்காதது மெயின்டெனன்ஸ் ஆபீஸ். அந்தக் கிளார்க் அக்கா ஒன்றும் பேசவில்லை. கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். 14,300. சேவைக் கட்டணம், சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுக்குச் சேர்க்கும் நிதி), தாமத வட்டி, பழைய தண்ணீர் பில். அதைத் தீர்க்கும்வரை லிஃப்ட் கார்டு கிடையாது. பத்து மாடி. முதல் வாரம் விசிறி, மெத்தை எல்லாம் படியில்தான் ஏறின. ஏல அறிவிப்பின் நிபந்தனைகளில் வங்கி எது வரைக்கும் ஏற்கும் என்று ஒரு பத்தி இருந்திருக்கிறது. ஏழாம் பக்கம். நான் படித்தது முதல் பக்கத்தில் உள்ள விலையை.

ஓய்வுபெற்ற கிராணி:

முதலில் ஜெலுத்தோங்காரருக்கு. அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்தது தப்பு. 6,840-ஐப் பார்த்துவிட்டு நீங்கள் உருகுவதும் கணக்குத் தெரியாத உருக்கம். அது அன்றைய பாக்கி. ஒரு மாதம் போனதும் முழுக் கடனும் கேட்பார்கள். பெரியவர் அன்றைக்கே பிரித்திருந்தால் சரி, ஒரு வருடம் கழித்துப் பிரித்து என்ன பயன்?

என் அனுபவம் இரண்டு வரி. 210,000 வீட்டுக்கு 10 விழுக்காடு டிராஃப்ட் கட்டி எடுத்தேன். மதிப்பீடு குறைவு என்று வங்கி லோனைக் குறைத்தது, மீதியைப் புரட்ட முடியவில்லை, 21,000 போனது.

ஆகவே புதிதாக வருகிறவர்கள் கேளுங்கள். கோர்ட் ஏலத்தில் மீதி 90 விழுக்காட்டுக்கு 120 நாள். ஏலம் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், லோன் கிடைத்த நாளிலிருந்து அல்ல. தேசிய நிலச் சட்டத்திலேயே உள்ள கெடு அது. நீட்டிக்க முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே 90-களில் சொல்லியாகிவிட்டது. நானும் என் வக்கீலை நச்சரித்துப் பார்த்தவன்தான். லாக்காவில் கெடு ஒப்பந்தத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் 90 நாள். அப்புறம், கேட்பதற்கு முன்பே வங்கியில் லோன் பேசி வையுங்கள். கிரான் உள்ள வீடு என்றால் நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுங்கள், பினாங்குத் தீவுக்காரர்கள் கொம்தார் கட்டடத்துக்குப் போகலாம். அந்தத் தாளில் ‘காடாயான்’ என்றால் அடமானம், ‘காவியட்’ என்றால் வேறு யாரோ உரிமை சொல்லிக் குறுக்கே நிற்கிறார்கள், ‘செகாத்தான் கெப்பந்திஙான்’ என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் மாநில அரசின் அனுமதி தேவைப்படலாம். குத்தகை நிலம் என்றால் மிச்சம் எத்தனை வருடம் என்று பாருங்கள், வங்கிக்காரன் அதைத்தான் முதலில் பார்ப்பான். உள்ளே ஆள் இருந்தால் பூட்டை உடைக்காதீர்கள். கோர்ட் உங்களுக்கு வீட்டை விற்கிறது, காலி செய்து கொடுப்பதாகச் சொல்லவில்லை. 2012 நீதிமன்ற விதிகளில் 89-ஆவது ஆணை என்று உண்டு, அதன்படி மனுப் போடுங்கள். இன்னும் இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

செத்தாப்பாக் தம்பி:

ஐயா, யாரும் கேட்கவில்லையே. கேள்வி போட்டவர் அனுபவம்தானே கேட்டார்.

செந்தூல் பொண்ணு:

நான் எழுதலாமா என்று தெரியவில்லை. நாங்கள் வாங்கியவர்கள் இல்லை, எங்கள் வீடுதான் லெலோங் போனது. அப்பாவுக்குக் காலில் அடிபட்டு லாரி வேலை நின்ற வருடம்.

கோர்ட்டிலிருந்து ஆள் வந்து ஏல அறிவிப்பைக் கேட்டில் ஒட்டிவிட்டுப் போனார். அப்பா பெயர், அடையாள அட்டை எண், வீட்டு விலாசம், விலை, எல்லாம் தெருவுக்குத் தெரிகிற மாதிரி. கிழித்தால் கேஸ் ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா கிழிக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் அப்பாவின் கைலியைத் துவைத்து அந்தத் தாளின் மேல் காயப்போட்டார். மழை பெய்தாலும் எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டு ஆன்டி ஒருநாள் “துணி நனையுதே” என்று அவராகவே எடுத்து மடிக்கப் போனார். அம்மா ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கிராணி ஐயாவுக்கு ஒன்று. ஏலம் முடிகிற நிமிடம் வரைக்கும் ஆணையில் உள்ள தொகையைக் கட்டி நிறுத்த முடியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாமா ஒருவர் இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துத் தரத் தயாராக இருந்தார். ஏலம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கேட்டோம். விற்றுக் கடன் போக மிச்சம் இருந்தால் அது வீட்டுக்காரருக்குத்தான் வர வேண்டும் என்பதும் பிறகு தெரிந்தது. எங்களுக்கு மிச்சம் வரவில்லை, துண்டு விழுந்தது. அதற்கும் கடிதம் வந்தது.

அந்தப் பெரியவர் ஏன் பிரிக்கவில்லை என்று கேட்காதீர்கள் அண்ணா. எங்கள் வீட்டிலும் பிரிக்கவில்லை. தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டாலே அப்பா பின்பக்கம் போய்விடுவார்.

ஓய்வுபெற்ற கிராணி:

தொகையைக் கட்டி நிறுத்தலாம் என்பது சரிதான், 266-ஆவது பிரிவு. நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் அம்மா?

செந்தூல் பொண்ணு:

நடக்கிறார் ஐயா. வாடகை வீடுதான்.

ஜெலுத்தோங்வாசி:

டின்னைப் போன மாதம் பெரியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். திறக்கவில்லை. ஆட்டிப் பார்த்தார், உள்ளே காகிதச் சத்தம் கேட்டது. “பிஸ்கட் இல்லியா?” என்று சிரித்துவிட்டுப் பேரனைக் கூப்பிட்டு உள்ளே வைக்கச் சொன்னார். நான் பிரித்த ஒன்றைச் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். கவனித்தாரா என்று தெரியவில்லை.