பால் பைத்தான் பாம்புத் தொட்டிக்கு ஹீட் மேட்: எங்கே, எப்படிப் பொருத்தினீர்கள்?

கும்பகோணத்திலிருந்து:

தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் பாம்புக்குச் சூடு எதற்கு என்று கேட்பவர்கள் சித்திரையை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் வெயில் முகமே காட்டாத நாட்கள் உண்டு. மார்கழி இரவில் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. பால் பைத்தான் (ball python) பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25, 26 என்று இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் விழுங்கிய எலியைக் கக்கிவிடும்.

மயிலாடுதுறையில் என் சித்தப்பா மகன் ஒன்று வளர்க்கிறான். ஹீட் மேட்டை, அதாவது கரண்டில் சூடாகும் தட்டையான விரிப்பை, தொட்டிக்கு உள்ளே வைத்து, வயரை டேப் போட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறார் விற்றவர். இரவில் பாம்பு, தொட்டியில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளுக்கு அடியில் நுழைந்து டேப்பில் வயிறு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் செதிலோடு தோலும் வந்துவிடும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பசையை இளக்கிப் பிரித்தோம். வயிற்றில் ஓர் இடம் சிவந்து வெந்தும் இருந்ததால் மறுநாள் காலையிலேயே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனோம். சுட்டால் விலகிப் போகாதா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பாம்பு பல சமயம் விலகாது. வெந்த பிறகும் அதே இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் தெர்மோஸ்டாட் (குறித்த சூடு வந்ததும் மேட்டை நிறுத்தும் கருவி) இல்லாத ஹீட் மேட் வேண்டவே வேண்டாம் என்கிறேன்.

இப்போது அவன் தொட்டியில் மேட் வெளியே, அடிக் கண்ணாடியின் கீழ், ஓர் ஓரத்தில் இருக்கிறது. தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. தொட்டியை நேராக மேசை மீது வைக்காமல் நான்கு மூலையிலும் கட்டை கொடுத்துத் தூக்கினோம். காற்று போகாவிட்டால் அடியில் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும்.

தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சார்தான் எல்லாரும் சறுக்கும் இடம். அதை உள்ளே போட்டால் பாம்பு தள்ளிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்துவிட்டால், குளிராக இருக்கிறது என்று நினைத்து தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், வெளிப்புறமாகவே ஒட்டுங்கள். பிறகு நார்த்தூளை விலக்கி, உள்பக்கக் கண்ணாடியைத் தொட்டு அளவெடுங்கள். மேலே 30 காட்டும்போது அடியில் 40 இருக்கலாம். பாம்பு அடிவரை தோண்டிப் போகும். ஒரு முழு நாள் அளந்து பார்த்த பிறகு பாம்பை விடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணன் மேட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் எலக்ட்ரீஷியன், வயரைப் பற்றிச் சொல்கிறேன். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பை பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டி, ஹோல்டர் உருகி வழிந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பீங்கான் ஹோல்டர்தான் தாங்கும். பல்பைச் சுற்றிக் கம்பி வலைக்கூண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே தொங்கி வளைந்திருக்கட்டும். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் நான் இந்த வேலையைச் செய்து கொடுப்பதில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. தெரிந்தவர் ஒருவர் பாம்பைத் துணிப்பையில் விட்டு, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் போட்டுக் காப்பாற்றினார். பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

மழையில் கொல்லைப்பக்கம் ஒரு சாரைக்குட்டி வந்தது. தம்பி பிடித்து வைத்திருக்கிறான். அதற்கும் இதே சூடு போதுமா?

கும்பகோணத்திலிருந்து:

வேண்டாம், இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்றாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும். சாரை வயல் எலியைத் தின்று பிழைப்பது. அதை நம் வயலிலேயே இருக்க விடுங்கள்.