அரசாணியில் பிஞ்சே நிற்கவில்லை, சுரை மட்டும் காய்த்துத் தள்ளுகிறது

வாய்க்கால்மேடு எழுதியது:

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டினாற்போல. வீட்டுப் பொடக்காலியில் நாலு சென்ட் சும்மா கிடந்தது. மாசி பிறந்ததும் அரசாணி 4 குழி, சுரை 2 குழி ஊன்றினேன். (அரசாணி என்றால் மஞ்சள் பூசணிதான். தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி என்பார்கள்.) குழிக்கு ரெண்டு கூடை மக்கிய சாணி எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. முளை வந்தபோது கோழி கிளறாமல் இருக்க, கோழியைக் கவிழ்க்கிற கூடையை எடுத்துச் செடிக்குக் கவிழ்த்தேன். கோழிகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போயின.

இப்போது பங்குனி முடியப்போகிறது. கொடி வேலி முழுக்கப் படர்ந்து வைக்கோல்போர் மேல் ஏறிவிட்டது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு நெல்லிக்காய் அளவு வருகிறது, மஞ்சளாகிறது, விழுந்துவிடுகிறது. எண்ணிக்கொண்டே வருகிறேன், நேற்றோடு 17. அதே எரு, அதே தண்ணீர், சுரை மட்டும் வாரத்துக்கு 3 காய் கொடுக்கிறது. பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்து, இப்போது என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள்.

மாமா தண்ணீர் போதவில்லை என்கிறார். வீட்டுக்காரர் ஒரு பிடி யூரியா போடு என்கிறார். அத்தை கண்ணடி என்று சொல்லிப் பழைய செருப்பைக் கட்டச் சொன்னார். செருப்பு கிடைக்கவில்லை, பையனுடைய கிழிந்த ஸ்கூல் ஷூவைக் கட்டியாயிற்று.

தேனீ வருகிறதா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வேன் ஏற்றிவிட்டு நான் அங்கே போக மணி பத்தாகிவிடும். அதற்குள் எல்லாப் பூவும் சுருண்டு கிடக்கும். விடியற்காலையில் போவது அத்தைதான். காய்க்காத மலட்டுப் பூ கொடியின் சத்தை உறிஞ்சும் என்று அதையெல்லாம் கிள்ளி எருமைக்குப் போட்டுவிடுவார், அது வேறு விஷயம். மருந்து எதுவும் அடிக்காமல் வழி இருக்கிறதா? பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

அம்மா, முதலில் விழுந்த பிஞ்சை நீளவாக்கில் நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. ரெண்டுக்கும் வைத்தியம் வேறு.

பழ ஈ என்றால், விழுந்ததை எருக்குழியில் போடாதீர்கள், புழு அங்கேயே கூடு கட்டித் திரும்பி வரும். முழ ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் நாலைந்து துளை போட்டு, நனைத்த கருவாட்டுத் துண்டு ஒன்றை உள்ளே போட்டுத் தொங்கவிட்டால் ஈ தேடி வந்து நுழையும். பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்து ஏறினால் இலைதான் கொழுக்கும், ஆண் பூதான் கூடும். வெயில் ஏறினாலும் அப்படித்தான். எத்ரல் என்கிற பயிர் ஊக்கி மருந்தைத் தெளித்தால் பெண் பூ கூடும் என்று யாராவது சொல்வார்கள். அது நாற்று 10, 15 நாளில் இருக்கும்போது தொடங்க வேண்டியது, இந்த வயதுக் கொடிக்கு இல்லை.

மொட்டைமாடி எழுதியது:

அக்கா, அது வேறு விஷயம் இல்லை, அதுதான் விஷயம்!

அத்தை கிள்ளுகிற மலட்டுப் பூதான் ஆண் பூ. அரசாணியில் ஆண், பெண் தனித்தனிப் பூ. அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் காம்பு இருந்தால் ஆண். பூ விடியும்போது மலர்ந்து ஒன்பது, பத்து மணிக்கு மூடிக்கொள்ளும். அந்த மூன்று மணி நேரத்தில் ஆண் பூ எல்லாம் எருமை வயிற்றில் இருந்தால் தேனீ வந்துதான் என்ன செய்யும்?

சுரை தப்பித்ததும் இதனால்தான். சுரைப்பூ சாயங்காலம் மலரும், ராத்திரியே அந்துப்பூச்சி வந்து வேலையை முடித்துவிடும். அத்தை வரும்போது பறித்தாலும் நஷ்டமில்லை.

நாளை காலை ஆறரைக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் நிற்கும் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ ரெண்டு மூன்று பெண் பூவுக்கு வரும். முந்தின நாள் சாயங்காலமே மொட்டின் நுனி மஞ்சள் காட்டும், அதில் ஒரு நூல் கட்டி வைத்தால் காலையில் தேட வேண்டாம்.

தாமிரபரணித்தண்ணி எழுதியது:

மகரந்தம் சேர்ப்பது சுலபம், மாமியாரிடம் சொல்வதுதான் கஷ்டம். தப்பு என்று சொல்லாதீர்கள். "ஒன்பது மணிக்கு மேல் பறிங்க அத்தை" என்று நேரத்தை மட்டும் மாற்றுங்கள். எருமைக்கும் நஷ்டமில்லை. எங்கள் அம்மா அந்தப் பூவைக் கடலை மாவில் தோய்த்துச் சுட்டுக் கொடுப்பார், அதனால் எங்கள் வீட்டில் எருமைக்கு மிஞ்சியதில்லை.

வாய்க்கால்மேடு எழுதியது:

9 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் கோயில் நோம்பி.

கொள்ளிடக்கரை ஐயா, 6 பிஞ்சு நறுக்கினேன். ஒன்றில் மட்டும் புழு. பாட்டில் கட்டியிருக்கிறேன், நாற்றம் தாங்கவில்லை.

அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மொட்டைமாடி எழுதியதை வீட்டுக்காரருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். அத்தை திண்ணையில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. மறுநாள் எருமைக்கு வெறும் வைக்கோல். ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொடிக்குள் குனிந்து நிற்கிறார், பக்கத்தில் என் மகள் நூல் கட்டிய மொட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தை விரல் நுனி முழுக்க மஞ்சள் அரைத்த மாதிரி மகரந்தம்.

இதுவரை 8 பூவுக்குத் தடவியதில் 5 நின்றிருக்கிறது. முதல் காய் தேங்காய் அளவு வந்துவிட்டது, அடியில் வைக்கோல் பரப்பி வைத்திருக்கிறோம்.

ஷூவை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "கட்டுனதுக்கு அப்பறந்தான காய் நின்னுச்சு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறார்.