புதுப்பிப்பு: அக்காவின் மரபணுப் பரிசோதனை முடிவு

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மரபணுப் பரிசோதனை தேவையா என்று இங்கே கேட்டிருந்தேன். எடுத்தோம். பிஆர்சிஏ2 மரபணுவில் நோய் தரும் மாற்றம் இருக்கிறது.

டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்தால் பிழையில்லாமல் சரிசெய்ய உதவுவது இந்த மரபணு. இது கெட்டிருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 69 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம் என்கிறது 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வு. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புற்றுநோய் செல்களால் டிஎன்ஏவைச் சரியாகச் சரிசெய்ய முடியாத இதே பலவீனத்தைக் குறிவைத்து அடிக்கும் ஓலாபரிப் மாதிரி மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவர் அதைப் பற்றிப் பேசினார்.

அப்பா வழியில் வராது என்று சிலர் சொன்னீர்கள். வரும். பெற்றோரில் யாரிடம் இருந்தாலும் பிள்ளைக்குப் பாதி வாய்ப்பு.

நானும் இதே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். தம்பிதான் “ஆம்பளைக்கு எதுக்கு?” என்கிறான். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் வாய்ப்பையும் இது கூட்டும் என்று சொல்லி, அடுத்த வாரம் இழுத்துப் போகிறேன்.