"அப்கிரேட்" என்றால் மேம்படுத்தலா? துண்டறிக்கைக்குச் சொல் தேவை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

வணக்கம். விண்டோஸ் 10 ஓடும் வீட்டுக் கணினிகளுக்காக இரண்டு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை தயாராகிறது. 11-க்குப் போவதா, இருப்பதிலேயே இருப்பதா என்று வீட்டுக்காரர்களே முடிவெடுக்க உதவ வேண்டும். விவரம் கையில் இருக்கிறது. 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றன. 22எச்2 (10-இன் கடைசி வெளியீடு) வரை வந்த கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வரும்.

இடிப்பது சொல்தான். வரைவில் அப்டேட்டுக்குப் "புதுப்பித்தல்" என்று இருக்கிறது. அப்கிரேடுக்கு ஓரிடத்தில் "புதுப்பித்தல்", இரண்டு வரி தள்ளி "மேம்படுத்தல்". மாதாமாதம் வரும் திருத்தமும், 10 போய் 11 வருவதும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதும் படிப்பவருக்கு ஒன்றாகவே தெரியும். எதை அழுத்தினால் கோப்பு போகும், எதை அழுத்தினால் போகாது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம்:

அம்மா, "புதுப்பித்தல்" பேசக் கேட்க நல்ல சொல்தான், ஆனால் ஊரில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தல், காப்பீடு புதுப்பித்தல் என்று எங்கும் காலக்கெடுவும் கட்டணமும் சேர்ந்தே வருகின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருள்காரனும் "புதுப்பியுங்கள்" என்றுதான் பணம் கேட்கிறான். திரையில் "கணினியைப் புதுப்பிக்கவும்" என்று வந்தால், காசு கேட்கிறான் என்று மூடிவிடுவார்கள்.

"இற்றைப்படுத்தல்" எனக்குப் பிடித்த சொல். இற்றை என்றால் இன்றைய. சங்க இலக்கியத்திலேயே உள்ளது. இலங்கைத் தமிழர் நெடுநாளாக எழுதுகிறார்கள், லினக்ஸ் மொழிபெயர்ப்புகளிலும் புழங்குகிறது. ஒரே இடைஞ்சல், நம் பக்கத்தில் "இற்றுப்போச்சு" என்றால் துருப்பிடித்து உதிர்ந்தது என்று பொருள். கடற்கரை ஊரில் அந்த நினைப்பு சட்டென்று வரும்!

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

ஐயா, மேடம், வணக்கம். சர்வீஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அப்டேட்டுக்கு எதை வேண்டுமானாலும் வையுங்கள். அப்கிரேடுக்கு "மேம்படுத்தல்" மட்டும் வேண்டாம், அது பொய்ச் சத்தியம்.

4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் 11 போட்டால் மேம்படாது, கெடும். மைக்ரோசாஃப்ட் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்று எழுதியிருப்பது ஏறுவதற்கான குறைந்தபட்சம். ஓடுவதற்கான அளவு இல்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட கணினிக்கு முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, ரேம் 8 ஜிபி. இந்த இரண்டையும் போட்டாலே பாதிப் பேருக்கு 11 ஆசை போய்விடும், ஏனென்றால் 10-ஏ வேகமாக ஓட ஆரம்பிக்கும்.

அடுத்தது பிராசசர். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 என்றால் சிறுகோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10210 என்றால் பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உண்டு. ஏழில் ஒருசில மட்டும் உண்டு, ஆறு கிடையாது. ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையிலிருந்து. பென்டியம், செலரானுக்கு இந்த எண் கணக்கு ஒத்துவராது. "பிசி ஹெல்த் செக்" என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கருவி "தகுதியில்லை" என்று சொன்னதும் கணினியை விற்கக் கிளம்ப வேண்டாம். எட்டாம் தலைமுறைக்கு மேல் இருந்தும் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அமைப்புத் திரை) அணைந்து கிடக்கிறது என்று பொருள். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி-யில் எஃப்டிபிஎம். உள்ளே போய் ஆன் செய்தால் போதும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடும் லேப்டாப்பில் பயாஸைத் தொடுவதற்கு முன் அதை நிறுத்திவையுங்கள். 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது அந்த எண்ணைக் கேட்டு மறித்து நிற்கும்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

தோழர்களே, விண்டோஸை மட்டும் வைத்துச் சொல் ஆக்கினால் நாளை லினக்ஸில் மாட்டிக்கொள்வோம். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் "ஆப்ட் அப்டேட்" என்றால் எதுவும் நிறுவப்படாது, பொதிகளின் (மென்பொருள் மூட்டைகளின்) பட்டியல் மட்டும் புதிதாக இறங்கும். "ஆப்ட் அப்கிரேட்" என்றால் இருக்கும் பொதிகளுக்குப் புதிய திருத்தங்கள் ஏறும், ஆனால் உபுண்டு 22.04 அப்படியே 22.04-ஆகத்தான் இருக்கும். 24.04-க்குப் போக "டூ ரிலீஸ் அப்கிரேட்" என்ற தனிக் கட்டளை. ஆக லினக்ஸ்காரரின் அப்கிரேட், விண்டோஸ்காரரின் அப்டேட்.

எனவே ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல் செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம். பதிப்பு எண் மாறாமல் ஓட்டை அடைப்பது ஒன்று, பதிப்பே மாறுவது இன்னொன்று. முன்னதற்கு "இற்றைப்படுத்தல்", பின்னதற்குப் "பதிப்பேற்றம்" என்று முன்மொழிகிறேன்.

நெல்லிக்குப்பம்:

தம்பி, செயலைப் பார்த்துப் பெயர் வைப்பது சரி. "பதிப்பேற்றம்" மட்டும் ஆகாது. "பதிவேற்றம்" ஏற்கெனவே அப்லோடுக்கு ஊன்றிவிட்டது. பகரமும் வகரமும்தான் வித்தியாசம். சிறிய எழுத்தில் அச்சடித்தால் அச்சுக்கோப்பவரே மாற்றிவிடுவார்.

"பதிப்புயர்வு" என்று பாருங்கள். பதவியுயர்வும் உயர்வுதான், விலையுயர்வும் உயர்வுதான். எண் மேலே போகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று வாக்குக் கொடுக்கவில்லை. கடலூர்க்காரர் சொன்ன "பொய்ச் சத்தியம்" இதில் இல்லை.

முத்தியால்பேட்டை:

பதிப்புயர்வு நன்றாக உட்காருகிறது. ஒரு சிக்கல். விண்டோஸ் ஹோமிலிருந்து புரோவுக்குப் போவதையும் அப்கிரேட் என்கிறார்கள். அங்கே எண் மாறுவதில்லை, உரிமச் சாவிதான் மாறுகிறது. இரண்டையும் பதிப்பு என்றால் குழப்பம். ஹோம், புரோவை "வகை" என்று சொல்லிவிடலாமா? "ஹோம் வகை", "வகை மாற்றம்" என்று.

ரேம், எஸ்எஸ்டி போடுவதையும் மக்கள் அப்கிரேட் என்பார்கள். அதற்குச் சொல்லே தேவையில்லை, "ரேம் கூட்டுதல்" போதும். இனி முக்கியமான இரண்டுக்கு வருவோம்: கோப்புகளை வைத்துக்கொண்டே 11 போடுவது, அழித்துவிட்டுப் போடுவது. வரைவில் "இடத்திலேயே மேம்படுத்தல்", "தூய நிறுவல்" என்று இருக்கிறது.

நெல்லிக்குப்பம்:

"வகை" சரி. "இடத்திலேயே" என்றால் எந்த இடத்தில் என்று கேட்பார்கள். "தூய நிறுவல்" அதைவிட மோசம். தூய்மை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? பேரன் பேத்தி படமெல்லாம் போனபிறகுதான் அது என்ன தூய்மை என்று தெரியும். கடையில் என்ன சொல்லிக் கேட்கிறார்கள்?

திருப்பாதிரிப்புலியூர்:

ஐயா, கடையில் இரண்டே வாசகம். "மேலயே போட்டுடுங்க", "ஃபார்மட் அடிச்சுப் போட்டுடுங்க". வருகிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: மேல்நிறுவல், துடைத்து நிறுவல்.

எது தங்கும், எது போகும் என்று அறிக்கையில் விவரமாகப் போடுங்கள். மேல்நிறுவலில் கோப்பு, மென்பொருள், எழுத்துரு எல்லாம் பெரும்பாலும் தங்கும். துடைத்து நிறுவினால் சி டிரைவில் உள்ளது போகும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி-யில்தான் இருக்கின்றன. "டெஸ்க்டாப்பில்தானே வைத்திருந்தேன்" என்பவர்களுக்காக இதைத் தனியாக எழுதுங்கள். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையும் பல கணினிகளில் சி-யில் கிடக்கும்.

வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், பத்திரம், அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு இன்னொன்று. துடைத்து நிறுவியபின் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தாறுமாறாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை முதலிலேயே பென்டிரைவில் நகலெடுத்து வைத்தால் இந்தத் தலைவலி வராது.

மேல்நிறுவல் முடியாத இடமும் உண்டு. 10 இப்போது 32 பிட்டாக ஓடினால் 11-க்கு மேல்நிறுவல் கிடையாது, ஏனென்றால் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. துடைத்துத்தான் ஆக வேண்டும். 32 பிட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள் அதன்பின் ஓடாது. அதை நம்பித் தொழில் நடத்துபவர் பதிப்புயர்வு பக்கம் வராமல் இருப்பதே நல்லது. பிரிண்டருக்கும் 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று உற்பத்தியாளரின் தளத்தில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை டிஸ்க் அமைப்பு. விண்டோஸிலுள்ள எம்எஸ்இன்ஃபோ32-ஐ ஓட்டினால் "பயாஸ் மோட்" என்ற வரியில் லெகசி (பழைய பூட் முறை) அல்லது யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்று வரும். லெகசி என்றால் டிஸ்க்கைப் பிரித்திருக்கும் முறையை எம்பிஆர் என்ற பழையதிலிருந்து ஜிபிடி என்ற புதியதற்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. முதலில் "வேலிடேட்" போட்டு, மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். அசெம்பிள் செய்த கணினிகளில் இது தோற்பது சகஜம். காரணம், டி, இ, எஃப் என்று பிரித்தபோது அவற்றை எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் லாஜிக்கலாக வைத்திருப்பார்கள். கருவிக்கு மூன்று பிரைமரி பகுதிகளுக்கு மேல் ஆகாது, லாஜிக்கலும் ஆகாது. கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, அந்தப் பகுதிகளை நீக்கியபின் திரும்ப ஓட்ட வேண்டும். மாற்றி முடித்ததும் பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் ஆதரவை அணைத்து யுஇஎஃப்ஐ-க்கு மாற்றாவிட்டால் பூட் ஆகாது. மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சிஎஸ்எம் அணைத்ததும் திரையே வராமலும் போகலாம்.

இந்த வேலையை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்ள வேண்டாம். தானே, ஃபெஞ்சல் புயலெல்லாம் வந்த பருவம் நமக்குத் தெரியும். பதிப்புயர்வு பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் பழையதற்கே திரும்பிவிடும். எம்பிஆர்2ஜிபிடியோ பயாஸ் அப்டேட்டோ ஓடும்போது போனால் அப்படித் திரும்ப வழியில்லை. 600 விஏ யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், வேலையோ மணிக்கணக்கில் ஓடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் போடுங்கள்.

லாஸ்பேட்டை:

அண்ணே, "துடைத்து நிறுவல்" மீது சின்ன ஆட்சேபம். நிறுவு வட்டிலிருந்து "கஸ்டம்" தேர்ந்து, பகுதியை ஃபார்மட் செய்யாமல் அப்படியே நிறுவினால் பழைய விண்டோஸும் பயனர் கோப்புகளும் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறைக்குள் போய் உட்காருகின்றன. துடைக்கவில்லையே?

அது போக, உங்கள் "மேல்" லினக்ஸுக்கும் கைகொடுக்கிறது. விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸைத் தனிப் பகுதியில் போடுவதைப் "பக்க நிறுவல்" என்று சொல்லலாம். ஆறாம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவருக்கு அந்த வழியையும் அறிக்கையில் காட்ட வேண்டும். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தம் உண்டு. நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். கேனன் எல்பிபி2900 போன்ற கேப்ட் வகை லேசர் பிரிண்டர் வைத்திருப்பவரை மட்டும் முன்கூட்டியே எச்சரியுங்கள். லினக்ஸில் அதை ஓடவைக்க நிறையப் பாடுபட வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:

விண்டோஸ்.ஓல்டு இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் மென்பொருள் ஒன்றும் ஓடாது, கோப்பைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லி ஆசை காட்ட வேண்டாம். போனது போனதுதான் என்று நினைத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சொல் கொஞ்சம் பயமுறுத்தினால் நல்லதுதான்.

தகுதியில்லாத கணினியில் தடையைத் தாண்டிப் போடும் வழியை அறிக்கையில் சேர்க்காதீர்கள். ரூஃபஸ் என்ற கருவியை வைத்துப் பலர் போட்டுத் தருகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் அப்படிப் போட்டதற்குத் திருத்தம் வரும் என்ற உறுதி கிடையாது. அடுத்த பெரிய பதிப்பைத் திரும்பவும் கையால்தான் ஏற்ற வேண்டும். கோர் 2 டுவோ காலத்துக் கணினியில் 11-இன் 24எச்2 வெளியீடு பூட்டே ஆகாது. அது கேட்கும் பாப்கவுன்ட் கட்டளை அந்தச் சில்லில் இல்லை.

முத்தியால்பேட்டை:

மேல்நிறுவல், துடைத்து நிறுவல், பக்க நிறுவல், பதிப்புயர்வு, வகை மாற்றம் எல்லாம் எடுத்துக்கொண்டோம். அப்டேட்டுக்கு ஐயா சொன்ன "இற்றுப்போச்சு" உறுத்துவதால் "மாதத் திருத்தம்" என்று எழுதுகிறோம். இற்றைப்படுத்தலைத் தவறு என்று ஒதுக்கவில்லை, இந்த அறிக்கையில் மட்டும்.

எண்ட் ஆஃப் சப்போர்ட்டுக்கு "ஆதரவு முடிவு" என்றிருந்ததை எடுத்துவிட்டோம். படித்தவர் ஒருவர், அந்தத் தேதியில் கணினி நின்றுவிடுமா என்று கேட்டார். "திருத்த நிறுத்தம்" என்று மாற்றியிருக்கிறோம்.

பிழை எண்கள் எத்தனை போடலாம்? ரோல்பேக்குக்கும் சொல் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:

பிழை எண் மூன்று போதும். 80070070 என்று முடிந்தால் சி-யில் இடமில்லை. 25, 30 ஜிபி காலி செய்யுங்கள். சி1900101 என்று தொடங்கினால் டிரைவர் தகராறு; கூடுதல் யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றி, வெளியாள் வைரஸ் தடுப்பை நீக்கிவிட்டுத் திரும்ப முயலுங்கள். சி1900208 என்றால் ஒத்துவராத மென்பொருள் ஏதோ தடுக்கிறது.

நெல்லிக்குப்பம்:

ரோல்பேக்குக்குச் சொல் ஆக்க வேண்டாம் அம்மா. "பழையதற்குத் திரும்புதல்" என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். விளங்குகிற இடத்தில் கலைச்சொல் எதற்கு?

திருப்பாதிரிப்புலியூர்:

அதன் பக்கத்திலேயே கெடுவையும் போடுங்கள் மேடம். மேல்நிறுவல் முடிந்து 10 நாளைக்குள்தான் அமைப்புகள் வழியாகப் பழையதற்குத் திரும்ப முடியும், பிறகு விண்டோஸ்.ஓல்டு தானாக அழிந்துவிடும். அந்தப் 10 நாளில் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் "முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்" கட்டத்தை டிக் செய்துவிட்டால், அன்றைக்கே வழி அடைந்துவிடும்.