லைட் ட்ரெஸ்பாஸ், அவுட்டோர் மெர்ச்சண்டைஸ்: சனிக்கிழமைக்குள் தமிழ்ச் சொல் வேண்டும்

குறிஞ்சி, வியாழன் காலை

இந்த இழையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை எங்கள் கட்டடக்கலை மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறேன். ஏரியைச் சுற்றியுள்ள கடைகள், விளக்குகள், நடைபாதை எல்லாவற்றையும் படம் வரைந்து, இருட்டிய பிறகு வெளிச்சத்தை லக்ஸ் மீட்டரில் அளந்துவிட்டு இறங்குவதாகத் திட்டம். ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் மண்டல விதிகளிலிருந்து (ஸோனிங், எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் விதிகள்) இரண்டு அத்தியாயங்களைத் தமிழாக்கிக் கையேடாகக் கொடுக்கிறேன். ஒன்று வெளிப்புற விளக்குகள் பற்றியது. மற்றது, கடைக்கு வெளியே சரக்கு வைத்து விற்பது பற்றியது. மாணவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. சனிக்கிழமை மதியம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

மூன்று இடத்தில் நிற்கிறேன்.

லைட் ட்ரெஸ்பாஸ்: ஒருவர் மனையில் எரியும் விளக்கின் வெளிச்சம் எல்லை தாண்டி அடுத்தவர் மனையில் விழுவது. எல்லைக் கோட்டில் நின்று அளப்பார்கள்.

ஃபுல் கட்ஆஃப்: கிடைக்கோட்டுக்கு மேலே ஒளியே போகாதபடி மூடிய விளக்கு.

அவுட்டோர் மெர்ச்சண்டைஸ் டிஸ்ப்ளே: கடைக்காரர் தன் சரக்கைக் கடைக்கு வெளியே எடுத்து வைத்துக் காட்டுவது.

இப்போதைக்கு ஒளி அத்துமீறல், முழுமறைப்பு விளக்கு, திறந்தவெளிச் சரக்குக் காட்சி என்று போட்டிருக்கிறேன். திருத்துங்கள்.

கல்வெட்டு, வியாழன் காலை

அம்மா, அத்து தமிழல்ல. எல்லையைக் குறிக்கும் அரபுச் சொல் ஹத்து, உருது வழியாக நிலவரிக் கணக்குக்குள் நுழைந்து அத்து ஆயிற்று. வரம்பு, எல்லை, கரை என்று வீட்டிலேயே இத்தனை கிடக்க, எல்லை மீறலைச் சொல்வதற்கே எல்லை மீறி வந்த சொல்லா?

இகத்தல் என்றால் கடத்தல், வரம்பு தாண்டுதல். இக என்னும் பகுதியோடு ஒளியைச் சேர்த்தால் இகவொளி. இகந்த ஒளி, இகக்கின்ற ஒளி, இகக்கும் ஒளி என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. நான்கே எழுத்து.

சேர்வராயன், வியாழன் காலை

ஐயா, இகவொளின்னு போட்டா பக்கத்துலயே பரவொளி எங்கேன்னு கேப்பாங்க. ஆன்மிகச் சொற்பொழிவு நோட்டீஸ் மாதிரி இருக்கு.

நான் நாகலூர்ப் பக்கம் தோட்டத்துல இருக்கேன். எங்க வேலியை ஒட்டி ஒரு தங்கும் விடுதி. அவங்க பார்க்கிங் பக்கம் சில்வர் ஓக் மரத்துல, மிளகுக்கொடிக்கு மேல, ஒரு எல்.இ.டி. ஃபோகஸ் கட்டி வச்சிருக்காங்க. ராத்திரி பூரா அது என் படுக்கையறை ஜன்னல் வழியா வந்து எதிர் பீரோவுல விழுது. ஜன்னல் கம்பி ஒவ்வொண்ணும் பீரோக் கதவுல கறுப்புக் கோடா நிக்கும். மஞ்சு இறங்கின ராத்திரியில வெளிச்சத்தை அந்த மஞ்சே வாங்கிக்கிட்டுத் தோட்டம் முழுக்க வெள்ளையாப் பரப்பிடும். இதுக்குப் பேரு இகவொளியோ அத்துமீறலோ, எங்க ஆளுங்க சொல்றது ஒண்ணுதான்: லைட் அடிக்குது.

ஒற்று, வியாழன் மதியம்

கல்வெட்டு ஐயா அத்துவைத் துரத்துவதானால் கவனமாகத் துரத்த வேண்டும். மரத்தை, நிலத்தில், குளத்துக்கு என்று ஒவ்வொன்றிலும் அத்து உட்கார்ந்திருக்கிறது. சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வரும் சாரியைகள் என்று நன்னூல் பட்டியலிடுபவற்றில் அதுவும் ஒன்று. விரட்டினால் நிலமை, மரமை என்றுதான் பேச வேண்டிவரும்.

குறிஞ்சி அம்மாவுக்கு: ஒளி அத்துமீறல் என்று பிரித்து எழுதாதீர்கள். கலைச்சொல் என்றால் ஒரு சொல். உடம்படுமெய் பெற்று ஒளியத்துமீறல் என்றே வரும்.

கல்வெட்டு, வியாழன் மதியம்

> ஒவ்வொன்றிலும் அத்து உட்கார்ந்திருக்கிறது

அது வேறு அத்து, இது வேறு அத்து. உருவம் ஒன்றானதால் உறவாகிவிடுமா? சாரியைக்குப் பொருளே கிடையாது. நான் சொல்வது பொருள் உள்ள பெயர்ச்சொல்லை.

அத்தோடு நிற்காமல், வெளிச்சம் என்ற சொல்லையும் நினைத்துப் பாருங்கள். வெள் என்னும் வேரிலிருந்து வெளி, வெளிச்சம், வெளிறு, வெள்ளை, வெள்ளி, வெண்மை எல்லாம் ஒரே குடும்பம். வெளி என்றால் திறந்த இடம், வெளிச்சம் என்றால் திறந்த இடத்தில் இருப்பது. அமெரிக்கன் அவுட்டோர் லைட்டிங் என்று இரண்டு சொல்லை ஒட்டுகிறான். நமக்கோ வெளியும் வெளிச்சமும் ஒரே வேர். விளக்கு, விளங்கு, விளம்பு என்பவற்றையும் இதனோடு சேர்ப்பவர்கள் உண்டு. அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

வாய்தா, வியாழன் மாலை

நாளை விரிவாக வருவதற்குள் சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அத்துமீறல் என்றால் சேலத்துக் கடைக்காரர் காதில் போலீஸ் கேஸ் என்றுதான் விழும். இந்தியத் தண்டனைச் சட்டம் இருந்தவரை 447ஆம் பிரிவு, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் இப்போது 329. விளக்கு மாட்டியவனைக் கிரிமினல் ஆக்குவது அந்த அமெரிக்க விதியின் நோக்கமில்லை. விளக்கைத் திருப்பு, மூடி போடு, நேரத்துக்கு அணை, அவ்வளவுதான்.

அவர்கள் ஊர் நீதிமன்றமே வெளிச்சத்தை ட்ரெஸ்பாஸ் என்று ஒப்புக்கொள்ளாத பழைய வழக்கு ஒன்று உண்டு. ஓரிகன் மாநிலத்தில் காரில் உட்கார்ந்து படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்று. பக்கத்தில் குதிரைப் பந்தய மைதானம். ராத்திரிப் பந்தயத்துக்குப் போட்ட விளக்கு திரையில் விழுந்து படம் மங்கிவிட்டது. தியேட்டர்காரர் வழக்குப் போட, மாநில உச்ச நீதிமன்றம் 1948ல் இது ட்ரெஸ்பாஸும் இல்லை, தொல்லை என்ற வகையிலும் வராது என்று தள்ளிவிட்டது. பின்னால் ஊராட்சிகள் விதி எழுதும்போதுதான் இந்தப் பெயர் உருவகமாக ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய உருவகத்தை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

இன்னும் இரண்டு. மண்டல விதி என்று எழுதியிருக்கிறீர்கள். சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம் ஏற்கெனவே இருக்கிறது. மண்டலம் என்றால் மாணவன் வரி கட்டும் ஆபீஸைத்தான் நினைப்பான். நில உபயோக விதி என்று போடுங்கள், கெஜட்டில் நில உபயோக மாற்றம் என்று வருவதோடு ஒத்துப்போகும். திறந்தவெளி என்ற சொல்லும் காலியாக இல்லை. பெரிய மனைப்பிரிவில் 10 சதவீதம் ஒதுக்குகிறார்களே, அதற்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர். அங்கே சரக்குக் காட்சி என்றால் பூங்கா இடத்தில் கடை போட அனுமதி என்று ஒருவர் படிப்பார்.

சேர்வராயன், வியாழன் இரவு

திறந்தவெளின்னாலே எனக்குச் சுகாதாரத் துறைச் சுவர் விளம்பரம்தான் ஞாபகம் வருது. வெளிக்குன்னு ஆரம்பிச்சாலும் அதே கதி. கல்வெட்டு ஐயாவோட வேர் அந்தப் பக்கமும் போகுமே.

மின்கம்பி, வியாழன் இரவு

நான் வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கறவன், சொல்லலாமான்னு தெரியல. ஃபுல் கட்ஆஃபுக்கு முழுமறைப்புன்னா பையன் விளக்கையே மறைச்சிடுவான். சைட்ல நாங்க சொல்றது கவுத்தி மாட்டு. கவுத்தின லைட்டுன்னா எல்லாருக்கும் புரியும்.

கல்வெட்டு, வெள்ளி காலை

கவிழ்விளக்கு! வினைத்தொகை, தூய தமிழ், பட்டறையிலிருந்து வந்தது. மின்கம்பித் தம்பிக்கு என் வணக்கம்.

குறிஞ்சி, வெள்ளி காலை

அழகாக இருக்கிறது, ஆனால் கவிழ்த்தால் மட்டும் போதாது. தெருவில் பாருங்கள்: கீழ்நோக்கித்தான் தொங்கும், கண்ணாடி மட்டும் கிண்ணம்போலப் புடைத்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் நூறடி தள்ளி நின்றாலும் கண் கூசும். ஃபுல் கட்ஆஃபில் கண்ணாடி தட்டை. விளக்கின் விளிம்பு அளவுக்குக் கண்ணை உயர்த்திப் பார்த்தால் ஒளிரும் பாகமே தெரியக் கூடாது. கிடைக்கோட்டுக்கு மேல் சுழியம், அதற்குப் பத்துப் பாகை கீழே வரை மிகக் குறைவு. இப்போது துறையில் இந்த வகைப்பாட்டையே விட்டுவிட்டுப் பின்னொளி, மேலொளி, கூச்சம் என்று மூன்றாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். பழைய விதிகளில்தான் கட்ஆஃப் இன்னும் இருக்கிறது.

ஆகவே கவிழ்விளக்கு என்று போட்டு, தட்டைக் கண்ணாடி என்பதை விளக்கத்தில் சேர்க்கிறேன். மறுப்பு இல்லை என்றால் இது முடிந்தது.

அந்த விதிகளில் வெளிச்சத்தின் அளவுக்கு ஃபுட்கேண்டில் என்று இருக்கிறது. ஒரு ஃபுட்கேண்டில் 10.76 லக்ஸ். லக்ஸிலேயே தந்துவிடுகிறேன். தயவுசெய்து யாரும் இதைத் தமிழாக்க வேண்டாம்.

ஒற்று, வெள்ளி காலை

அடிமெழுகு.

குறிஞ்சி, வெள்ளி காலை

கேட்டேனே!

நாளங்காடி, வெள்ளி மதியம்

தாமதமாக வருகிறேன். சரக்கு வைப்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் அந்திக் கடையும் இருக்கின்றன. பட்டினப்பாலையில் துறைமுகத்தில் பண்டங்கள் வெளியிலேயே குவிந்து கிடக்கும், புலி முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். வெளியே சரக்கு வைப்பதை ஒழுங்குபடுத்துவது நமக்கு நேற்று வந்ததல்ல.

என் பரிந்துரை முன்றில் விற்பனை. இல்முன் என்பது முன்றில் என மாறி நிற்பது இலக்கணப் போலி என்று பள்ளியிலேயே எல்லோரும் படித்தது. சொல்லிக்கொடுக்கும் வேலையும் மிச்சம்.

ஒற்று, வெள்ளி மதியம்

முன்றில் வீட்டுக்கு முன்பக்கம். கடைக்கு முன்பக்கம் எப்படி முன்றில் ஆகும்? கடை என்றாலே ஆதியில் வாயில்தான். தலைக்கடை, புறக்கடை என்று சொல்கிறோமே, அந்தப் புறக்கடைதான் புழக்கடை ஆனது. அப்படிப் பார்த்தால் வாசலில் வைத்து விற்பதுதான் கடை, உள்ளே வைப்பதுதான் விதிவிலக்கு. தலைகீழாக உள்விற்பனைக்குத்தான் நாம் சொல் தேட வேண்டும்.

குறிஞ்சி, வெள்ளி மாலை

ரசித்தேன், ஆனால் எனக்கு இரண்டு சொல் வேண்டும். அந்த விதிகள் காட்சிக்கு வைப்பதையும் சேமித்து வைப்பதையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. பகலில் வெளியே எடுத்து வைத்து, கடை சாத்தும்போது உள்ளே போய்விடும் சரக்கு காட்சி. உரமூட்டை, மரம், கம்பி என்று நிரந்தரமாக வெளியில் கிடப்பது சேமிப்பு. பின்னதற்கு வேலி அல்லது மறைப்புச் சுவர் கேட்பார்கள். முன்னதற்கு நடைபாதையை விடு, வண்டி நிறுத்தும் இடத்தைப் பிடிக்காதே என்பதுதான் முக்கியம். சக்கர நாற்காலி போகக் குறைந்தது 36 அங்குலம் என்பது அவர்கள் நாட்டுப் பொது அளவு. கிறிஸ்துமஸ் மரம், பூசணிக்காய் விற்கச் சில வாரங்களுக்கு மட்டும் தற்காலிக அனுமதி தருவதும் உண்டு.

வாய்தா, வெள்ளி மாலை

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்காரர் தன் சரக்கை வெளியே இழுத்து வைப்பது வேறு, கடையே இல்லாதவர் தெருவோரம் விற்பது வேறு. பின்னவருக்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு, சான்றிதழ், நகர விற்பனைக் குழு எல்லாம் அதில் வரும். எண்ணமே அவர்கள் பிழைப்பைக் காப்பதுதான். உங்கள் கையேட்டில் வெளிப்புற விற்பனை என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால், ஏரிக்கரை பஜ்ஜிக் கடைக்கார அம்மாவை அமெரிக்க விதிப்படி மாணவர்கள் அப்புறப்படுத்திவிட்டு வருவார்கள். சொல் எதுவானாலும் அதில் கடை இருக்க வேண்டும்.

சேர்வராயன், வெள்ளி இரவு

வாய்தா சார் சொல்றதுதான் சரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில குடமும் அண்டாவும் படிக்கட்டுக்கு வெளியே அடுக்கி வச்சிருக்கறவருக்கும், மேல ஏற்காட்டுல காபித்தூள் பாக்கெட்டையும் பட்டர் ஃப்ரூட்டையும் கூடையில வச்சுக் குந்தியிருக்கறவங்களுக்கும் ஒரே சட்டமா? கடைவாசல் சரக்குன்னு போடுங்க. வாசல்ல வைக்கற சரக்கு, வேற என்ன?

ஒற்று, வெள்ளி இரவு

கடைவாசல் என்பது வாயில் வாயில். மேலே கடைக்கு என்ன பொருள் என்று சொன்னேன்.

நாளங்காடி, வெள்ளி இரவு

சேமிப்புக்கு வெளிக்கிடங்கு பொருந்தும். கிடங்குதான் கிழக்கே போய்ப் பெயர் மாறி, கோடவுன் ஆகித் திரும்பி வந்தது என்று சொல்வார்கள். முன்றிலை நான் இன்னும் விடவில்லை.

விண்மீன், சனி காலை

எல்லோரும் மனை எல்லையையே பார்க்கிறீர்கள். மேலே போகும் வெளிச்சத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து இருக்கிறது. அங்கே வானியலாளர் கவலைப்படுவது அடுத்த வீட்டு ஜன்னலைப் பற்றியல்ல, அடிவானத்தில் ஊர்கள் எழுப்பும் மங்கல் வெளிச்சத்தைப் பற்றி. நம் ஆட்கள் ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று ராத்திரி சேலம் ஜொலிக்கிறது என்று செல்ஃபி எடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கு, தெருவில் விழுந்திருக்க வேண்டியது மேலே தப்பி வந்தது. வானக்கசிவு எப்படி?

கல்வெட்டு, சனி காலை

கசிவு நீருக்கு உரியது. வானிகவொளி.

குறிஞ்சி, சனி காலை

மதியத்துக்குள் அச்சகத்துக்குத் தர வேண்டும், ஆகவே இப்படி முடிக்கிறேன். உடன்படாதவர்கள் பொறுத்தருள்க.

தலைப்பில் அயலொளி. யாரும் முன்மொழியவில்லை, நேற்றிரவு எனக்குத் தோன்றியது. அயலார் மனையில் விழும் ஒளி. பாடத்துக்குள் பெரும்பாலும் எல்லை தாண்டும் வெளிச்சம் என்றே எழுதியிருக்கிறேன். கவிழ்விளக்கு உறுதி. கடைவாசல் சரக்கு, வெளிக்கிடங்கு இரண்டும் அச்சுக்குப் போகின்றன. மண்டலம் போய் நில உபயோகம். மேலே போகும் வெளிச்சம் இந்தக் கையேட்டில் இல்லை, விண்மீன் ஐயா, அடுத்த பருவத்துக்கு.

சேர்வராயன், சனி மதியம்

அயலொளின்னா ஃபாரின் லைட்டான்னு கேப்பாங்கம்மா, அயல்நாடு மாதிரி. ஆனா எல்லை தாண்டும் வெளிச்சம் நல்லாருக்கு. அதைத்தான் விடுதிக்காரங்களுக்கு மனு எழுதறப்போ போடப்போறேன். அவங்க எதைப் படிச்சாலும் லைட்டைத் திருப்பினாச் சரி.

ஒற்று, சனி மதியம்

எல்லைதாண்டும் சேர்த்தா, பிரித்தா? அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.

மின்கம்பி, சனி மதியம்

அம்மா, திங்கக்கிழமை நிலா எப்படின்னு பாத்துக்கோங்க. முழு நிலான்னா கால் லக்ஸ் பக்கம் அதுவே காட்டும். உங்க மீட்டர் சின்ன அளவு காட்டாத வகைன்னா எல்லைக்கோட்டுல நின்னு ஒண்ணும் தெரியாது. 0.01 வரைக்கும் காட்டறது என்கிட்ட ஒண்ணு இருக்கு, வேணும்னா அஸ்தம்பட்டியில வந்து வாங்கிக்கலாம்.

கல்வெட்டு, சனி மாலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் ஏற்கவில்லை. அயல் என்பது இடத்தைத்தான் சொல்கிறது, குற்றத்தைச் சொல்லவில்லை. அடுத்த மனையில் நியாயமாக எரியும் விளக்கும் அயலொளிதானே? மீறல் எங்கே போயிற்று? இகவொளியில் அது இருந்தது. வெள் வேர் பற்றிய கட்டுரையைத் தனி இழையில் இடுகிறேன். விளம்பு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.