அப்பாவின் வயிற்று எரிச்சல்: புதுப்பிப்பு

அப்பாவுக்கு நடு ராத்திரியில் மேல்வயிறு எரிந்து தூக்கம் கெடுகிறது, கேஸ் மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று இரண்டு மாதம் முன்னால் எழுதியிருந்தேன். 'எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீங்க' என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். திசுப் பரிசோதனையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. நான் இத்தனை நாளும் காரத்தையும் அவர் கோபத்தையும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். சக ஆய்வாளர் ராபின் வாரனோடு சேர்த்து 2005இல் நோபல் பரிசும் பெற்றார்.

14 நாள் மருந்து: இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வாயெல்லாம் கசப்பு. அம்மா காலண்டர் தாளில் வேளைக்கு ஒரு கோடு போட்டுக் கணக்கு வைத்தார். நாலாம் நாளே 'எரிச்சல் போயிடுச்சு, நிறுத்திடலாமே' என்றார் அப்பா. விடவில்லை. பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி அதே மருந்துக்கு மறுபடி அடங்காமல் போகலாம்.

முட்டிவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகளும் புண்ணை வளர்த்திருக்கும் என்றார் மருத்துவர். அதை நிறுத்தியாச்சு.

மருந்து முடிந்து நாலு வாரம் கழித்து மலப் பரிசோதனை. அதற்கு முந்தைய இரண்டு வாரம் அமில மாத்திரையும் கூடாது. நேற்று முடிவு வந்தது: கிருமி இல்லை.

இதே தொந்தரவோடு எழுதியவர்களுக்கு: மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பா நேற்று ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு விடியற்காலை ஐந்து மணி வரை அசையாமல் தூங்கினார்.